வடிகாலை அடைத்த வால்வு

என் ரத்தக் கொதிப்பை ஏற்றிய மனிதர்களைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தினால், முதல் ஆளாக நிற்கத் தகுதியுள்ளவர் வால்வுதான். அவருக்குப் பின்னால் நிற்கக்கூட மற்றவர்களுக்கு யோக்கியதை கிடையாது.

நான் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட்டில் மேனேஜர், அவர் மெக்கானிக். வண்டி கழுவும் தண்ணீர் போகிற வடிகாலுக்கு, முதலாளியை நச்சரித்து, தானாக மூடிக்கொள்ளும் ஒரு வால்வை வாங்கி மாட்டினார். அன்றிலிருந்து அதுவே அவர் பெயராகிவிட்டது. அந்த வால்வுக்குள் பஞ்சு மாதிரி ஒரு சரக்கு. வெறும் தண்ணீர் என்றால் பேசாமல் வழிவிடும். டீசல் கலந்து வந்தால் உப்பிப்போய் அடைத்துவிடும். பஞ்சை மாற்றினால்தான் மறுபடி திறக்கும்.

எங்கள் பஸ்களோ ஒழுகுவதற்கென்றே பிறந்தவை. வாரத்தில் மூன்று நாள் வால்வு மூடும், ஷெட் ஏரியாகும். ஒரு கண்டக்டரின் செருப்பு மிதந்து கேட்டைத் தாண்டிப் போயிற்று. முதலாளி வந்த அன்று, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, மெக்கானிக்கை விட்டுவிட்டு என்னைத் திட்டினார்.

"ஏன்யா, கொஞ்சூண்டு டீசல் போனா இன்னா ஆயிடும்?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"கொஞ்சமா போறப்ப மூடலன்னா, ஜாஸ்தியா போறப்ப மட்டும் மூடுமா சார்?"

ஒருநாள் காலை, வெள்ளிமலை வண்டியை ரிவர்ஸ் எடுத்த டிரைவர், டீசல் டேங்க்கைக் கல்லில் இடித்துக் கிழித்துவிட்டார். கொட்டிய டீசலை நானே ஹோஸ் பிடித்து வடிகால் பக்கம் தள்ளினேன். வால்வு மூடிக்கொண்டது. கணுக்கால் வரை டீசல் தண்ணீர்.

"அந்த எழவைப் புடுங்குய்யா!" என்றேன் மெக்கானிக்கிடம்.

அவர் வடிகால் மூடிமேல் ஏறி நின்றுகொண்டார். "மாட்டேன் சார். வேலைய வுட்டுத் தூக்குனாலும் சரி."

கத்துவதற்கு வாயைத் திறந்தபோதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். எங்கள் வடிகால் போய் விழுகிற குட்டையில், பக்கத்து வீட்டு அஞ்சலையின் நாலு எருமைகளும் மூக்கு முங்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அவளுக்கு இருக்கிற சொத்தே அவைதான். குட்டையில் துளி எண்ணெய்ப் படலம் இல்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஹோஸை நிறுத்திவிட்டு, எல்லோருமாக மொண்டு டிரம்களில் ஊற்றி முடிக்க மத்தியானமாகிவிட்டது. 'நான் அப்பவே சொல்லல?' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் திட்டலாம் என்று காத்திருந்தேன். பாவி மனுஷன் சொல்லவில்லை. ஒரு வாளி நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தார்.

"காலைக் கழுவுங்க சார். வெரல் இடுக்குல எரியும்."

கழுவிவிட்டு நிமிர்ந்தால், அவர் கால் என்னுடையதைவிடச் சிவந்திருந்தது. மிச்சத் தண்ணீரை நான் மொண்டு அவர் காலில் ஊற்றினேன். கூச்சத்தில் நெளிந்தார்.

"சும்மா நில்லுய்யா" என்றேன்.