ஒரு காருக்கு ஒன்பது டயர்

"இண்டென்ட் இருக்கா?" என்று கேட்டான் அன்பு, கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர் துலுக்காணம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு இரும்பு உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் எம்.டி.க்கு இருபது வருஷமாக டிரைவர்.

"இல்ல சார். பெரியவரு ஒரு டயரு விஷயமா..."

"வாயால சொல்றது இங்க செல்லாதுண்ணே. குண்டூசின்னாலும் இண்டென்ட் எழுதிக் குடுக்கணும். எப்ப வேணுமாம்?"

"மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள. ஆனா சார், அவரு கேட்டது..."

மாசக் கடைசி வெள்ளி என்றதுமே அன்பு கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினான். பர்ச்சேஸ் பிரிவில் அவனுடைய ஆறு மாதச் சோதனைக் காலம் முடிவது அன்றைக்குத்தான். அவனை நிரந்தரமாக்கும் கடிதம் எம்.டி.யின் மேஜைக்குப் போய்க் கையெழுத்துக்காகக் காத்திருக்கப் போவதும் அன்றைக்குத்தான். அந்தக் கடிதத்தை இன்னும் ஒருவரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். "பர்மனென்ட் ஆர்டரைக் கொண்டாந்து காட்டு தம்பி, அப்பறம் தேதி குறிக்கலாம்" என்று சொல்லியிருந்த மெர்சியின் அப்பா. மெர்சி இரண்டு தெரு தள்ளி இன்னொரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். அவளும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அப்பா அளவுக்குப் பொறுமையாக அல்ல.

ஆகவே, பொருள் கேட்டு வருபவர் எழுத வேண்டிய இண்டென்ட் படிவத்தை அன்பு தானே எழுதினான். பழைய ஃபைலைப் புரட்டி எம்.டி.யின் காருக்கு முன்பு வாங்கிய டயரின் அளவைப் பார்த்து எழுதினான். வகை: ஆல் சீசன். எண்ணிக்கை: நான்கு. மிக அவசரம்.

"நாலா?" என்றார் துலுக்காணம்.

"ஒண்ணு மாத்தினா நாலும் மாத்தணும்ணே. எம்மாம் பெரிய வண்டி அது!"

"அப்ப பழசு?"

"புதுசு வந்தாத்தான பழசு வெளிய வரும்?"

துலுக்காணம் பேனாவை வாங்கினார். "அதுவும் சரிதான். பெரிய கம்பெனி, உங்களுக்குத் தெரியாததா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதிலிருந்து அன்புவுக்குத் தூக்கம் போயிற்று.

அவனுடைய பைக்கின் டயரை மாற்றியபோது அவன் கடைக்காரரிடம் கேட்டது ஒரே கேள்வி: "எது கம்மி?" இங்கே அந்தக் கேள்வி உதவாது. மூன்று கடைகளில் விலைப்பட்டியல் வாங்கினான். ஒரு டயர் சத்தமே போடாதாம். இன்னொன்று நாற்பதாயிரம் கிலோமீட்டர் கூடுதலாக உழைக்குமாம். மூன்றாவது மழைத் தண்ணீரில் வழுக்காதாம். எம்.டி. பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வருபவர், ஆகவே சத்தம் ஆகாது. அவர் வரும் வழியில் கவரைப்பேட்டையைத் தாண்டி உள்ளே திரும்பினால் சாலையில் பாதி பள்ளம், ஆகவே டயர் கெட்டியாக இருக்க வேண்டும். கார்த்திகை மாதத்தில் அந்தப் பள்ளமெல்லாம் குளம், ஆகவே வழுக்கவும் கூடாது. மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்ற இரண்டு குணமும் இல்லாததால் எம்.டி.க்கு ஏதாவது ஆகி, கடிதத்தில் கையெழுத்து விழாமல் போய்விடும் என்று அன்புவுக்குத் தோன்றியது.

"இவ்ளோ பேஜாரு எதுக்கு?" என்றாள் மெர்சி ஃபோனில். "அந்த டிரைவர் அண்ணனையே கூப்ட்டு, இன்னா வேணும்னு ஒரு தபா கேளேன்."

"நீ சும்மா இரு மெர்சி. இது டெக்னிக்கல் மேட்டரு."

மூன்று டயர்களையும் ஒப்பிட்டு ஏழு பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டான். மேனேஜர் குணா அதை ஏழாம் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"ஆல் சீசன்னா இன்னாய்யா?"

"எல்லாக் காலத்துக்கும் தாங்கும் சார்."

"நம்ம ஊர்ல இன்னா காலம் இருக்குது? வெயிலு, அத்த உட்டா பேய் வெயிலு, அப்பறம் புயலு. மூணுத்துக்கும் எழுதிக் குடுத்துக்கிறானா?"

"பனிக்கும் சேத்து எழுதிக்கிறான் சார். டயர் மேல படமே போட்டுக்கிறான்."

குணா அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார். ஒரு மலை, அதற்குள் பூப் போல ஒரு பனித்துகள். "சரி, நல்லதுதான். கூடவே வரட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். மழையில் வழுக்காத டயரே நான்கு வந்து இறங்கியது.

அப்போதுதான் ஜெபா வந்தார்.

தொழிற்சாலைக்குள் வரும் எந்தப் பொருளையும் சோதித்துப் பார்த்து அனுமதிக்கும் தரப் பிரிவின் பொறுப்பாளர் அவர். நல்ல மனுஷி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பற்றியெல்லாம் விசாரிப்பார். திங்கட்கிழமை அவருக்கு யாரையும் தெரியாது.

"பனியில ஓடும்னு போட்டிருக்கு" என்றார் ஜெபா. "டெஸ்ட் ரிப்போர்ட் எங்க?"

"மேடம், கும்மிடிப்பூண்டியில பனிக்கு நான் எங்க போவேன்?"

"அது உன் பிரச்சினை. பொருள் மேல என்ன எழுதியிருக்கோ அதைச் சரிபார்க்காம நான் சீல் வைக்க மாட்டேன். ரூல் ரூல்தான் அன்பு."

அன்பு அன்றிரவு முழுக்கப் புரண்டான். விடிந்ததும் அவனுக்கு விமல் ஞாபகம் வந்தது. கூடப் படித்தவன், பழவேற்காட்டில் மீனுக்கு ஐஸ் கட்டி போடும் கம்பெனியில் வேலை. ஒரு டயரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினான்.

"டயருக்கு ஜுரமா மச்சான்?" என்றான் விமல்.

"சிரிக்காதடா. ஒரு நாள் பூரா உள்ள வெச்சிக் குடு. ஃபோட்டோ எடுத்துக்கினு போவணும்."

டயர் ஒரு பகலும் ஓர் இரவும் ஐஸ் பாறைகளுக்கு நடுவே கிடந்தது. ஒரு கீறல் விழவில்லை. அன்பு எட்டுப் படங்களுடன் ரிப்போர்ட் தயாரித்து, டயரையும் தூக்கிக்கொண்டு ஜெபாவின் அறைக்குள் நுழைந்தான். ஜெபா ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்பே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன வாசனை இது?"

"மேல ரெண்டு கூடை கெளுத்தி வெச்சிருந்தாங்க மேடம். எடம் இல்லையாம்."

"இதை எம்.டி. கார்ல மாட்டுவியா?"

அன்பு டயரைக் கழுவ எடுத்துப் போனான். சோப்பு, புளி, எலுமிச்சம்பழம், கேன்டீன் வினிகர் எல்லாம் போட்டுத் தேய்த்தான். கெளுத்தியோடு எலுமிச்சை வாசனையும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

"விடு" என்றார் ஜெபா, இரக்கத்தோடு. "எப்படியும் ஒரு பேட்ச்ல ஒண்ணை வெட்டிப் பார்க்கிறது நம்ம வழக்கம். இதையே சாம்பிளா எடுத்துக்கறேன்."

அன்பு அந்த வாக்கியத்தின் அர்த்தம் புரிந்து வாயைத் திறப்பதற்குள், இரும்பு அறுக்கும் ரம்பத்தில் டயர் இரண்டாகிவிட்டது. இரும்புப் பாகம் ஆயிரம் வந்தால் அதில் ஒன்றை வெட்டலாம். நான்கில் ஒன்றை வெட்டினால் கார் மூன்று சக்கரத்தில்தான் ஓட வேண்டும். இதை அவன் சொன்னபோது ஜெபா, "ரூல்ல எண்ணிக்கை போடலையே" என்றார்.

ஒன்று குறைகிறது, ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்று நினைத்தான். அந்த ஒன்றையும் ஒரு பேட்ச்சாக எடுத்துக்கொண்டு ஜெபா வெட்டிவிடுவார் என்பது உறைத்ததும், இரண்டாக வாங்கலாமா என்று கேட்கப் போனான்.

"வேற வாரத்துல தயாரானதா இருந்தா முதல் மூணோட சேர்க்க முடியாதுப்பா" என்றார் ஜெபா. "நாலும் ஒரே பேட்ச்சா இருக்கணும்."

கையைப் பிசைந்துகொண்டு குணாவிடம் போய் நின்றான்.

"இன்னும் எத்தினி வேணும்?"

"அஞ்சு சார். நாலு வண்டிக்கு, ஒண்ணு வெட்றதுக்கு."

"அப்ப மொத்தம் ஒம்போது." குணா கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு காருக்கு எதுக்குய்யா ஒம்போது டயரு? பெரியவரு ரயிலா ஓட்டறாரு?"

"சார், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணே நாளு."

குணாவும் எம்.டி.யை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். கடைக்காரரின் கையைக் காலைப் பிடித்து, மீந்த மூன்றையும் அவரே திரும்ப எடுத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. வியாழக்கிழமை ஐந்து டயர் வந்தது. ஒன்றை ஜெபா வெட்டினார். நான்கிற்குச் சீல் வைத்தார். பனிக்குப் பழைய ரிப்போர்ட்டே போதும் என்று அவர் சொன்னபோது அன்புவுக்கு அழுகையே வந்துவிட்டது.

இவ்வளவுக்கும் நடுவில் அவனை அரித்துக்கொண்டிருந்தது துலுக்காணத்தின் ஃபோன். தினமும் ஒரு தடவை தவறாமல் அடித்தது. புதிய டயரைப் பற்றி மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எது வாங்கினீர்கள், எப்படி ஓடும் என்று கூட இல்லை. ஒரே கேள்விதான்.

"சார், பழசு எப்ப கைக்கு வரும்?"

பழைய டயரை வெளியே விற்றுக் காசு பார்க்கப் போகிறார் என்பது அன்புவுக்கு இரண்டாவது ஃபோனிலேயே விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை, கவரைப்பேட்டைக் கடையில் புதிய நான்கும் மாட்டி முடித்தபோது சந்தேகம் ஊர்ஜிதமாயிற்று. பழைய நான்கும் ஓரமாகக் கிடந்தன. மேலே பட்டன் பட்டனாக இருக்கும் ரப்பர் தேயாமல், நல்ல கருப்பாக, இன்னும் இரண்டு வருஷம் ஓடும் போல இருந்தன. துலுக்காணம் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தே பார்த்தார்.

"நல்லா வெயிட்டு தாங்குது சார். நான் பெரியவர இட்டுக்கினு பெரியபாளையம் போய்ட்டு வந்துடறேன். பழசை ஸ்டோர்ல ஓரமா போட்டு வெயிங்க, சாயங்காலம் எடுத்துக்கறேன். கயிறுகூட வாங்கி வெச்சிட்டேன்."

டிக்கியில் புத்தம்புது நைலான் கயிறு ஒரு கட்டு இருந்தது. ஆட்டோவில் வைத்துக் கட்டுவதற்கு! அன்புவுக்கு ரத்தம் கொதித்தது. அவன் தூக்கத்தைத் தொலைத்து வாங்கிய டயரின் மேல் இந்த ஆள் சம்பாதிப்பதா?

கம்பெனியில் அதற்கும் ஒரு விதி இருந்தது. கழித்த பொருள் எதுவும் உருத்தெரியாமல் வெட்டப்பட்ட பிறகுதான் வெளியே போக வேண்டும். எப்போதோ கழித்த பாகங்களை யாரோ வெளியே நல்ல பாகமென்று விற்றுவிட்டதால் வந்த விதி அது. மூன்று வாரமாக விதிகளால் அடிபட்ட அன்பு, முதல் முறையாக ஒரு விதியைத் தன் கையில் எடுத்தான். நான்கு பழைய டயரும் ரம்பத்துக்குப் போயின. ஒவ்வொன்றும் எட்டுத் துண்டு. மூன்று மணிக்கு, எம்.டி.யின் காரில் மாட்டியிருந்ததைத் தவிர அவன் பொறுப்பில் ஒரு முழு டயர்கூட இல்லை. ஃபைலை மூடியபோது மனசு அப்படி லேசாக இருந்தது.

மூன்றரைக்குக் குணா ஓடி வந்தார். "நைனா, பெரியவரே ஃபோன் பண்ணாரு. டயரு ரெடியான்னு கேட்டாரு. ரெடின்னுட்டேன். உன் பேரையும் சொன்னேன். நேரா உன்னாண்டதான் வராராம். உன் லெட்டரு அவரு மேஜை மேலதான் கீது."

அன்பு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். மெர்சிக்கு "ஆச்சு" என்று ஒரு மெசேஜ் போட்டான்.

நான்கு மணிக்குக் கார் வந்து ஸ்டோர் வாசலில் நின்றது. பின் கதவைத் திறந்துகொண்டு முதலில் குதித்தது ஐந்தாறு வயசுப் பெண் குழந்தை ஒன்று. அதன் கையைப் பிடித்துக்கொண்டு எம்.டி., நெற்றி நிறையக் குங்குமத்தோடு. எம்.டி. சிரிப்பார் என்பதே அன்புவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர்களுக்கு முன்னால் கயிற்றுக் கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு துலுக்காணம் ஸ்டோருக்குள் நுழைந்தார். மூலையில் குவிந்து கிடந்த முப்பத்திரண்டு துண்டுகளைப் பார்த்தார். கயிறு தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"இன்னாண்ணே, மார்க்கெட்டுக்குப் போவலையா?" என்றான் அன்பு.

துலுக்காணம் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரியவரு கேட்டதே ஒரே ஒரு பழைய டயருதான் சார், பேத்திக்கு ஊஞ்சல் கட்ட."