இரண்டு பேருக்கு மேல் கூடாது

அழைப்பு மணி ஒரு தடவை அடித்து ஓயாமல் விடாது அலறியது. அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு டீச்சரம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் மஞ்சள் பனியனும் மஞ்சள் தொப்பியுமாக இரண்டு பெண்கள். முதுகில் ஆளைவிடப் பெரிய பைகள். ஒருத்தியின் பை மணியின் பொத்தான்மேல் சாய்ந்திருந்தது.

டீச்சரம்மாவுக்குத் தலை சுற்றியது. இதே மஞ்சள் பனியனில் இரண்டு பெண்கள் காலையிலேயே வந்து, குளித்து, சாப்பிட்டு, வேலைக்கும் கிளம்பிப் போயாகிவிட்டது.

"மரம் எண்ண வந்திருக்கோம், ஆன்ட்டி" என்றாள் உயரமானவள்.

கோடை விடுமுறையில் கல்லூரி மாணவிகள் ஊர் ஊராகப் போய், தெரு மரங்களைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் தகடு மாட்டுகிற தொண்டு அது. பதினான்கு நாள் வேலை. யாராவது வீட்டில் தங்க இடம் கொடுப்பார்கள். இந்த இரண்டு பேருக்கும் ஒதுக்கிய வீட்டில் பூட்டுத் தொங்குகிறதாம். அங்கே விசாரித்து, இங்கே விசாரித்து, கடைசியில் இந்த வீட்டுக்குப் போகச் சொன்னார்களாம்.

டீச்சரம்மா முகாம் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். வேறு வீடு எதுவும் கையில் இல்லை, முடியாதென்றால் சாயங்காலப் பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். குள்ளமானவள் எண் தகடுகள் நிறைந்த டப்பாவைக் கீழே வைக்காமல் நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள். அந்தக் கோலத்தைப் பார்த்தபின் திருப்பி அனுப்புவதற்கு டீச்சரம்மாவின் மனசு கல்லா என்ன?

ஆனால் வீட்டுக்காரர் இருக்கிறாரே.

அவர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதியே நரைத்தவர். வீட்டையும் அப்படித்தான் நடத்தினார். மகன் வேலைக்கு வெளியூர் போன இந்த இரண்டு வருஷத்தில் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது என்றால் அது ரேடியோதான். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் டீச்சரம்மா எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். கோடை லீவு வந்தால் நான்கு சுவரும் சேர்ந்துகொண்டு அவளை முறைக்கும்.

ஒரு மாசம் மன்றாடி, பட்டினி கிடப்பதாகப் பயமுறுத்தி, மாணவிகளை வைத்துக்கொள்ள அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

"ரெண்டு பேர். அதுக்கு மேல ஒரு தலை தெரிஞ்சாலும் எல்லாப் பையையும் தூக்கி அடுத்த பஸ்ல போட்டுருவேன்" என்று சொல்லித்தான் தலையாட்டினார். சொன்னால் செய்கிற மனுஷர்.

டீச்சரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அட்டவணை போட்டாள். நான்கு பேருக்கும் ஒரே பனியன், ஒரே தொப்பி. ஒரு நேரத்தில் இரண்டு மஞ்சளுக்கு மேல் அவர் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதானே. காலையில் வந்தவர்களுக்குக் கீழ் அறை, புதியவர்களுக்கு மாடியில் சாமான் அறை. ஆறு மணிக்கு முதல் அணி குளியல், ஆறரைக்கு இரண்டாம் அணி. மாணவிகளுக்கு இது மரம் எண்ணுவதைவிடப் பிடித்துப் போயிற்று.

அன்று சாயங்காலமே முதல் அணி திரும்பி வரத் தாமதமாகிவிட்டது. இரண்டாம் அணிக்கோ பசி. சாப்பாட்டு மேஜையில் தப்பான இரண்டு பேர் உட்கார்ந்திருக்கையில் டைம் கீப்பர் உள்ளே நுழைந்தார்.

"காலையில பார்த்தப்ப இந்தப் பொண்ணு இவ்வளவு நெட்டையா இல்லையே?"

"செருப்பு மாத்தியிருக்கா" என்றாள் டீச்சரம்மா.

அவர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். பெண் வெறுங்காலோடு இருந்தாள். அவர் நிமிர்ந்து, உப்பை இப்படித் தள்ளச் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். டீச்சரம்மாவுக்குப் போன உயிர் பாதிதான் திரும்பி வந்தது.

மறுநாள் காலை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது மாடியில் யாரோ தும்மினார்கள்.

"பூனை" என்றாள் டீச்சரம்மா, அவர் கேட்பதற்கு முன்பே.

"பூனை தும்முமா?"

"சளி பிடிச்சிருக்கும்."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி மாடிப்படியில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். சாயங்காலம் கிண்ணம் காலியாக இல்லாவிட்டால் பூனை எங்கே என்று தேடுவாரே. உயரமானவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆறிப்போன பாலைக் குடித்து வைத்தாள். காலிக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஒற்றைப் பூனை இவ்வளவு குடிக்காது, இரண்டு இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் படியில் இரண்டு கிண்ணங்கள். பக்கத்தில் வெண்ணெய் தடவிய ரொட்டி. அப்புறம், அவித்துத் தோல் உரித்த நான்கு முட்டைகள். சாயங்காலம் அவர் எங்கிருந்தோ ஒரு மேஜை மின்விசிறியைத் தோளில் சுமந்து வந்தார்.

"மாடியில ஒரே அனல். வாயில்லாப் பிராணி, பாவம்."

இருபத்தாறு வருஷமாகக் குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷருக்குப் பூனைமேல் இவ்வளவு பிரியம் என்று தெரியாமல் போயிற்றே என்று டீச்சரம்மா உருகிப் போனாள். வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளை எத்தனை தடவை பெஞ்சுமேல் ஏற்றியிருப்பாள். இப்போது அவளே போய் ஏறி நிற்கவேண்டும் போலிருந்தது. ஆனால் வீட்டில் இருபது மரத்தின் பெயர் ஒரே நேரத்தில் ஒலித்தது, குளியலறைக் கதவைத் தட்டிச் சண்டை நடந்தது, சிரிப்பு மாடிப்படியில் உருண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் எல்லாம் அடுத்த பஸ்ஸில் போய்விடும். வாயைத் தைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் வானம் முன்னறிவிப்பில்லாமல் கொட்டியது. கொல்லைக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கீழ் அறையிலிருந்து இரண்டு பேரும் மாடியிலிருந்து இரண்டு பேரும் பாய்ந்து ஓடினார்கள். அட்டவணையை யார் பார்த்தார்கள்? நான்கு மஞ்சள் பனியன்களும் ஈரத் துணியை வாரிக்கொண்டு உள்ளே திரும்பியபோது, டைம் கீப்பர் கையில் குடையோடு நடுவழியில் நின்றிருந்தார்.

அவர் விரலை நீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

டீச்சரம்மா குறுக்கே வந்து நின்றாள். "என்னங்க, திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. பூனையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உங்களை ஏமாத்தினது நான்தான். இவங்களை மட்டும் பஸ் ஏத்திடாதீங்க. இந்த நாலு நாளாத்தான் இந்த வீட்டுல மனுஷங்க இருக்கற சத்தம் கேட்குது."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தாமதமாக வந்த வண்டியின் டிரைவரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"வந்தது வந்துட்டாங்க. மிச்ச நாளும் இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு, புருஷன் பொண்டாட்டிக்குள்ள இப்படி ஒளிவு மறைவு கூடவே கூடாது."

சொல்லிவிட்டு, குடையை விரித்து, விறைப்பாக நடந்து வேலைக்குப் போய்விட்டார்.

டீச்சரம்மா மாடிப்படியில் பொத்தென்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படிப்பட்ட தங்கமான மனுஷரை நாள் கணக்காக ஏமாற்றியிருக்கிறோமே, சாயங்காலம் வந்ததும் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அவள் புலம்பப் புலம்ப, நான்கு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குள்ளமானவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அதெல்லாம் வேண்டாம், ஆன்ட்டி. அன்னிக்குப் போக இடமில்லாம பஸ் ஸ்டாண்டுல நின்னப்ப, இந்த வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்ததே அங்கிள்தான். 'நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா, ரெண்டு பேருக்கு மேல கூடாதுன்னு வீட்டுல சட்டம் போட்டு வச்சிருக்கேன்'னு சொன்னார்."