ஆடாமல் உட்கார்ந்தவர்

பன்னிரண்டு பேரும் நாற்காலியை மட்டும் வரைந்திருந்தார்கள்.

ஓவிய ஆசிரியர் ஆதிநாராயணன் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நான்கு கால், சாய்மானம், அறுந்துபோன வயர் பின்னல், எல்லாம் அச்சு அசலாக இருந்தன. அதில் உட்கார்ந்திருந்த பெரியவரைத்தான் காணோம்.

"ஆளு எங்கடா?"

கடைசி பெஞ்சு சேட்டு தலையைக் குனிந்துகொண்டான். "ஆளு வேணாம் சார். பூ வரையட்டா?"

மூன்று மணிக்குக் கல்வி அதிகாரி வருகிறார். ஒன்பதாம் வகுப்புச் சுவரில் மனித முகம் ஒன்றாவது தொங்கினால்தான் வேலை நிரந்தரம் என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். எட்டு வருடம் பகுதி நேர ஆசிரியராகவே காலம் தள்ளிய ஆதிநாராயணன் இந்த மலைப்பள்ளிக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது.

பெரியவர்மேல் குறை சொல்ல முடியாது. காலையில் பள்ளி வாசல் புளியமரத்தடியில் கம்பளியும் தானுமாக இருந்தவர். "ஒரு மணி நேரம் ஆடாம உக்காருவீங்களா?" என்று கேட்டதும், "எத்தினி வருசம்னாலும் உக்காருவேங்க. என்னிய வரைஞ்சாப் போதும்" என்று எழுந்து வந்துவிட்டார். வந்ததிலிருந்து கண் இமைக்கக்கூட இல்லை. வாங்கி வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

பழைய முறை பலிக்காவிட்டால் புது முறை. பென்சில்களைப் பிடுங்கிக்கொண்டு ஆளுக்கொரு அடுப்புக்கரித் துண்டைக் கொடுத்தார்.

"தாளைப் பாக்காதீங்க. அவர மட்டும் பாத்துக்கினே கைய ஓட்டுங்க."

பிள்ளைகள் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். கரி தாளைத் தாண்டி மேசைக்குப் போனது, மேசையைத் தாண்டிச் சட்டைக்குப் போனது. முகம் மட்டும் வரவில்லை.

"சரி, நெழலையாவது போடுங்க!"

பூவரசன் போட்டான். நாற்காலியின் நிழல் மட்டும்.

"இன்னாடா இது? கண்ணு இல்ல?" என்று ஆதிநாராயணன் தரையைக் காட்டினார். ஜன்னல் வெயிலில், தரையிலும் நாற்காலியின் நிழல்தான் இருந்தது.

அவர் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். மலை வெயில் அப்படித்தான் கண்ணைக் கட்டும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார். பயப்படவும் நேரமில்லை, மணி இரண்டே முக்கால்.

கரியைத் தானே எடுத்தார். குழி விழுந்த கன்னம், முன்பல் இல்லாத வாய், கம்பளியின் மடிப்பு. ஒரு கோடுகூடப் பிசகவில்லை. இவ்வளவு உயிருள்ள முகத்தை அவர் ஆயுளில் வரைந்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

பெரியவர் முதல் தடவையாக அசைந்தார். எட்டிப் படத்தைப் பார்த்து, பொக்கை வாயால் சிரித்தார்.

வகுப்பே பெருமூச்சு விட்டது. பன்னிரண்டு முகத்திலும் அப்படியொரு நிம்மதி.

"அவ்ளோதான்! இதுக்கா இத்தினி அழும்பு?" என்றார் ஆதிநாராயணன். "எதிர்ல ஒக்காந்திருக்கிறவரு உங்க கண்ணுக்குத் தெரியவே இல்லியா?"

"நல்லாவே தெரியிறாரு சார்," என்றாள் முதல் பெஞ்சு காவியா. "எங்க குப்பன் தாத்தா, மாலை போட ஒரு படங்கூட இல்லாம செத்துட்டாரு, யாரு வரையறாங்களோ அவுங்க வூட்டோடவே வந்துட்றேன்னு ஆறு வருசமா அலையிறாரு."