மாமனார் கொடுத்த ஜெட் ஸ்கீ

"தட்டாதீங்க, உடையப்போகுது" என்றாள் தலால்.

"உடைய இது என்ன உங்க அம்மா வீட்டுப் பீங்கானா? பம்புக்குள்ள விசிறியைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் வளையம். ரெண்டு தட்டு தட்டினா வந்துரும்" என்று சுத்தியலை ஓங்கினான் ஃபவ்வாஸ்.

வரவில்லை. விளிம்பில் ஒரு துண்டு மட்டும் பெயர்ந்து அவன் மடியில் விழுந்தது.

கல்யாணமாகி நான்கு மாதம். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மாமனார் அபூ மிஷ்அல், போன வாரம் தானாகவே கூப்பிட்டுத் கடலில் ஓட்டுகிற தன் ஜெட் ஸ்கீயைக் கொடுத்தார். குவைத்தே நம்பாத அதிசயம் அது. மருமகன் அன்றைக்கே அதைக் கரையோரம், முழங்கால் ஆழத்தில் ஓட்டிப் பம்புக்குள் மணலை வாரிவிட்டான். இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. பிரித்துப் பார்த்தால் வளையம் முழுக்கக் கீறல்; கழற்றிவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். நாளை வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் மொத்தக் குடும்பமும் கடற்கரை வீட்டுக்கு மச்பூஸ் என்ற கறிச்சோறு சாப்பிட வரும். வண்டி ஓடாவிட்டால் மாமனார் திட்டமாட்டார். எல்லார் முன்னாலும் உதட்டைப் பிதுக்குவார். அதற்குப் பயந்துதான் இத்தனை கூத்தும்.

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமே?"

"எவனை? நட்டு எது போல்ட்டு எதுன்னு நான்தான் அவனுங்களுக்குச் சொல்லித் தரணும்."

சொன்னவனுக்கு அமைச்சகத்தில் முத்திரை குத்துகிற வேலை.

"சூடு பட்டா இளகும்" என்று கொதிநீரை ஊற்றினான். இளகவில்லை. பிளாஸ்டிக் உப்பி, முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வெந்தது அவன் கால் கட்டைவிரல்தான்.

"தண்ணி மிச்சம் இருந்தா சொல்லுங்க, டீ போடலாம்" என்றாள் தலால்.

அடுத்தது ரம்பத்தகடு. அறுக்கத் தெரிந்த மனிதருக்கு நிறுத்தத் தெரியவில்லை. வளையம் ஒருவழியாகக் கையோடு வர, அதைத் தூக்கிக் காட்டினான். தலால் பம்பை எட்டிப் பார்த்தாள். அலுமினியச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வாய்க்கால் ஓடியது.

"இதுவும் வளையத்தைச் சேர்ந்ததா?"

ஃபவ்வாஸ் கார்ச் சாவியை எடுத்தான். சாயங்காலமே ஷுவைக் உதிரிபாகக் கடைத்தெருவுக்குப் போய் முழுப் பம்பையே புதிதாக வாங்கினான். அதை மாட்ட, தான் ஏளனம் செய்த மெக்கானிக்குகளில் ஒருவனையே கெஞ்சி அழைத்து வர வேண்டியிருந்தது.

"ஒரு கீறல் போட்டு உள்பக்கமா மடக்கியிருந்தா வளையம் தானா வந்திருக்குமே, முதலாளி" என்றான் அவன்.

"தெரியும்" என்றான் ஃபவ்வாஸ்.

மறுநாள் அபூ மிஷ்அல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வண்டி பறந்தது. இறங்கி, மருமகன் தோளைத் தட்டி, "நல்லா வச்சிருக்கே" என்றார். உதடு பிதுங்கவில்லை. ஃபவ்வாஸுக்குக் கட்டைவிரல் வலிகூட மறந்துபோயிற்று.

மூத்த மகளைக் கட்டிய சகலை ஹமூத், சோற்றுத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பம்பு புதுசா?"

ஃபவ்வாஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். "மாமாகிட்ட சொல்லிடாத, சகல. கெடுத்தது நான்தான்."

ஹமூத் நிதானமாக எலும்பைக் கடித்தான்.

"மாமாவுக்கு மருமகன் மேல பாசம் வர்றதே வண்டி கெட்ட மறுநாள்தான், சகல, என் மேல பாசம் வந்து இந்த வண்டியைக் கொடுத்தப்போ இன்ஜினே போயிருந்துச்சு."