ஆட்டுக்குள் அடங்கிய தீபாவளி

இந்தத் தீபாவளிக்குச் சட்டி கழுவுவதில்லை என்று நாகமுத்து சபதம் எடுத்துவிட்டார். சபதம் எடுத்த இடம், புக்கிட் பெருவாங் வீட்டின் பின்பக்கக் குழாயடி. எடுத்தபோது அவர் கையில் இருந்தது மீன் சட்டி.

வருஷா வருஷம் இதே கூத்துதான். தீபாவளியன்று மனைவி ஜெயமணி நாலு கறி வைப்பாள். ஆட்டுக்கு ஒரு சட்டி, கோழிக்கு ஒரு சட்டி, வாத்துக்கு ஒன்று, காடைக்கு ஒன்று. செலண்டாரிலிருந்து அவளுடைய அக்காள் குடும்பம் வந்து இறங்கும். தின்று முடித்ததும் அக்காள் புருஷன் முனுசாமி நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, தெருமுனை வரை கேட்கும்படி ஏப்பம் விடுவார். நாகமுத்து அடிப்பிடித்த சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

"என்ன சகல, தேங்கா நார் வேணுமா?" என்று உள்ளேயிருந்து முனுசாமி கேட்பார். நாகமுத்துவுக்கு வயிறு எரியும். ஒரே ஒரு தீபாவளிக்காவது அந்த மனுஷன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார வேண்டும். உலகத்தில் அவருக்கு வேறு ஆசையே இல்லை.

வழியைக் காட்டியது கைப்பேசி. எவனோ ஒரு வெள்ளைக்காரன் பறவைக்குள் பறவையைத் திணித்துச் சுட்டுக்கொண்டிருந்தான். நாகமுத்து துள்ளி எழுந்தார்.

"ஜெயா, இந்தத் தீபாவளிக்கு நான்தான் சமையல்!"

ஜெயமணி முறுக்குப் பிழிவதை நிறுத்தவில்லை. "காய்ச்சலா?"

"கேளு. காடைக்குள்ள முட்டை. காடையைத் தூக்கி கோழிக்குள்ள. கோழி வாத்துக்குள்ள. வாத்து ஆட்டுக்குள்ள. மொத்தமும் ஒரே அண்டா!"

"ஆட்டை எதுக்குள்ள வைப்பீங்க? லோரிக்குள்ளயா?"

"சிரி, நல்லா சிரி. பந்தயம் வச்சுக்கலாமா? அண்டாவுல எலும்பு மட்டும்தான் மிஞ்சிச்சின்னா, அன்னிக்குச் சட்டி கழுவுறது நீ. நான் உங்க முனுசாமி அத்தான் பக்கத்துல ராசா மாதிரி உக்காருவேன். ஒரு துண்டு கறி மிஞ்சினாலும் பொங்கல் வரைக்கும் நானே கழுவுறேன்."

"நான் கூடமாட ஒத்தாசைக்கு வரலாமா?"

"மூச்! கரண்டியைத் தொடக் கூடாது. அன்னிக்கு முழுக்க அடுப்படி என்னோடது."

"நெசமாவா?"

"சாமி சத்தியமா."

ஜெயமணி மாவுக் கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். நாகமுத்து ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தார். கத்தரிக்காய் வாங்கி வந்தாலே காம்பைப் பிடித்துக் குறை சொல்கிறவள், இவ்வளவு பெரிய விஷயத்துக்கு உடனே தலையாட்டுகிறாளே என்று மனுஷனுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை.

தீபாவளியன்று விடியலிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். கேட்டரிங் செய்யும் கூட்டாளி தனபாலனிடம் இரவல் வாங்கிய அண்டா பின்பக்கம் காத்திருந்தது. முட்டை காடைக்குள் சமர்த்தாகப் போனது. காடை கோழிக்குள் போனது. கோழிதான் வாத்துக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஊருக்குப் போகிற அன்று கார் பூட்டில் கடைசிப் பையைத் திணிக்கிற மாதிரி முழங்கையால் இடித்து உள்ளே தள்ளினார். வாத்தை ஆட்டுக்குட்டியின் வயிற்றுக்குள் இறக்கி, சாக்கு ஊசியால் தைத்து மூடினார். மசாலாவை ஜெயமணி முந்தாநாளே அரைத்து வைத்திருந்தாள். அது கணக்கில் வராது என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

அண்டாவுக்குக் கீழேயும் தணல், மூடிமேலேயும் தணல். வெந்து வர வர, மிளகும், செராய் என்கிற எலுமிச்சைப்புல் தண்டும், தேங்காய்ப்பாலும் சேர்ந்த வாசனை தெருவையே தூக்கியது.

மதியம் எல்லாரும் வாழையிலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். மாமியார் மீனம்மா, அக்காள் திலகா, முனுசாமி, ஜெயமணியின் தம்பி யுகேந்திரன். நாகமுத்து பெரிய தாம்பாளத்தில் ஆட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். கத்தியை இறக்கினார். வெட்டிய துண்டு அப்படியே சாய்ந்தது. வெளியே ஆடு, அதற்குள் வாத்து, அதற்குள் கோழி, அதற்குள் காடை, நடுவே வெள்ளையும் மஞ்சளுமாக முட்டை!

"யம்மாடியோவ்!" என்றாள் திலகா. யுகேந்திரன் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். முனுசாமிக்கு வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. நாகமுத்துவுக்கு அந்த வாயைப் பார்த்ததிலேயே பாதி வயிறு நிறைந்துவிட்டது.

"முதல்ல அத்தைக்கு," என்று பெரிய துண்டாக எடுத்தார்.

மீனம்மா இலைமேல் கையை வைத்து மறைத்தார். "எனக்கு வேணாம் மாப்ள. காசிக்குப் போயிட்டு வந்தேன்ல? ரொம்பப் பிடிச்சதை விட்டுட்டு வரணும்னாங்க. ஆட்டுக்கறியை விட்டுட்டேன்."

"அத்தை, காசியில காய், பழம்தானே விடுவாங்க?"

"காயும் பழமும் எனக்கு எப்ப மாப்ள பிடிச்சிச்சு?"

"சரி, உள்ள இருக்கிற கோழியை மட்டும் எடுத்துத் தரேன்."

"ஆட்டுச் சாறுல ஊறுன கோழி. என்னை ஏமாத்தலாம், காசி விசுவநாதரை ஏமாத்த முடியுமா?"

நாகமுத்து துண்டைத் திலகா பக்கம் திருப்பினார். "வாத்து எனக்கு ஆகாதுங்க," என்றாள் அவள். "தொட்டா போதும், உடம்பெல்லாம் தடிச்சிடும்."

"அண்ணே, நீங்க?"

"கோழி இருக்கே சகல," என்றார் முனுசாமி, உண்மையிலேயே வருத்தத்தோடு. "பெரியவனுக்கு யூனிவர்சிட்டி கெடைக்கிற வரைக்கும் கோழி தொடமாட்டேன்னு மதுரைவீரனுக்கு நேந்துகிட்டேன்."

"டேய் யுகேந்திரா, நீயாவது..."

"அத்தான், நான் வீட்டுல காடை வளக்கிறேன். ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சிருக்கேன்."

"இது பாசார்ல வாங்கின காடைடா!"

"அதுங்களுக்குச் சொந்தமா இருந்தா?"

நாகமுத்து துண்டைத் தாம்பாளத்திலேயே போட்டார். அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஜெயமணியைப் பார்த்தார். "இதையெல்லாம் ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே! ஒவ்வொண்ணா சொன்னேன். நீங்க பந்து ஆட்டம் பாத்துக்கிட்டே 'ம்'னு சொன்னீங்க."

பொங்கல் வரைக்கும் சட்டி! முனுசாமியின் உதடு மெல்லச் சிரிப்புக்குத் தயாராவதும் தெரிந்தது. வீட்டை விட்டு வெளியே ஓடினார் நாகமுத்து. எதிர்வீட்டில் ஆ செங், பேட்மிண்டன் ஆடிவிட்டு வந்த கூட்டாளிகளோடு வியர்வை சொட்ட நின்றுகொண்டிருந்தார். வாசனை பிடித்து ஏற்கெனவே இந்தப் பக்கம்தான் எல்லா மூக்கும் திரும்பியிருந்தது.

"ஆ செங்! மாரி மாரி! மக்கான்!"

சாப்பிட வரச்சொல்லி இரண்டாவது முறை அழைக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்குக் காசியும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை, அரிப்பும் இல்லை. ஆடு போனது. வாத்து போனது. கோழியும் காடையும் போன இடம் தெரியவில்லை. "முத்து, செடாப் லா! அடுத்த வருஷமும் கூப்பிடு!" என்று ருசியை மெச்சிக்கொண்டே ஆ செங் ரொட்டியால் அண்டாவின் அடியைத் துடைத்துத் தின்றார். எலும்பைக்கூட ஒருவர் நாய்க்கென்று கட்டிக்கொண்டு போனார்.

நாகமுத்து அண்டாவைத் தூக்கி வந்து சபை நடுவில் கவிழ்த்தார். "பாரு ஜெயா! ஒரு துண்டு இருக்கா?"

"இல்லைங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

எல்லார் முன்னாலும் சொன்னாள்! கல்யாணமான நாளிலிருந்து அவர் காது கேட்டறியாத வார்த்தை. நாகமுத்து நடந்து போய், முனுசாமிக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டினார். சொர்க்கம் என்றால் இதுதான்.

"நல்லா இருக்கா சகல?" என்றார் முனுசாமி. "எல்லாம் சரி, எங்களுக்குச் சோறு எப்ப?"

அப்போதுதான் நாகமுத்து கவனித்தார். நாலு இலையும் காலியாக இருந்தது. நாலு ஜோடிக் கண்ணும் அவரையே பார்த்தது.

"ஜெயா, இவங்களுக்கு ஏதாவது..."

"அடுப்படி இன்னிக்கு உங்களோடதாச்சே. சாமி சத்தியம் வேற. நான் கரண்டியைத் தொட்டா சாமி குத்தமாயிடும்."

"வீட்டுல என்ன இருக்கு?"

"ஐஸ்பெட்டியைத் தொறந்து பாருங்க."

திறந்தார். சுத்தம் செய்து, துண்டு போட்டு, நாலு பொட்டலம் வரிசையாக இருந்தது.

"அம்மாவுக்குக் கோழி, அக்காவுக்கு ஆடு, முனுசாமி அத்தானுக்கு வாத்து, தம்பிக்கு மீன். ஒண்ணோட ஒண்ணு படக்கூடாது பாருங்க, அதான் நாலு சட்டியும் எடுத்து வச்சிருக்கேன்."

"இதெல்லாம் எப்பம்மா வாங்கின?"

"நீங்க சத்தியம் பண்ணுன மறுநாளு."

நாகமுத்து மறுபடியும் வேட்டியை மடித்துக் கட்டினார். ஜெயமணி அவர் எழுந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, ஒரு முறுக்கைக் கடித்தாள்.

"அவசரமே இல்லைங்க, மெதுவா சமைங்க. முடிஞ்சதும் ஒரு குரல் குடுங்க, சட்டி கழுவ நான் ரெடி."