ஜெயம்மாளின் வெள்ளைக் கோட்டு

மூடிக்கிடக்கும் ஆஸ்பத்திரிகளில் புறாவுக்கும் வௌவாலுக்கும் அடுத்தபடியாகக் குடியேறியிருக்கும் ஜீவராசி ஒன்றை நீங்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். இவர் பாழ்கட்டட ஆராய்ச்சியாளர். ஒரு கையில் குச்சியில் மாட்டிய செல்போன், சட்டையில் மைக், துணைக்கு ஒரு நண்பன். துருப்பிடித்த கட்டில் உங்களுக்கும் எனக்கும் துருப்பிடித்த கட்டில்தான். அவருக்கு மட்டும் அதில் யாரோ படுத்து முனகுவது கேட்கும். உடைந்த குளுக்கோஸ் பாட்டில், குழந்தையை எடைபோடும் தராசு, கிழிக்காமல் விட்ட காலண்டர், எல்லாமே சாட்சி. காற்றில் கதவு அசைந்தால்? அதுவும் சாட்சி. குரலைப் பாதாளத்துக்கு இறக்கி, "மக்களே, இங்க என்னமோ நடந்துருக்கு" என்பார். ஆஸ்பத்திரியில் என்னமோ நடந்திருக்கும் என்பதில் யாருக்கு ஐயா சந்தேகம்?

விழுப்புரம் தீனதயாளன் இந்த இனத்தில் முதல் தரம். திண்டிவனம் போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, மூடிப்போன பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் புகுந்தார். நர்ஸுகள் அறையில் ஒரு வெள்ளைக் கோட்டு தொங்கியது. அதில் 'ஜெயம்மாள்' என்று பெயர். பக்கத்திலேயே ஊழியர்களின் படம், கீழே பெயர்களோடு. "கோட்டு இருக்கு, ஜெயம்மாள் எங்க?" என்று கேமராவைக் கேட்டார். கேமரா பேசாததால் பதிலையும் அவரே சொன்னார்: "இதே ரூம்லதான் உசுரு போயிருக்கு. டியூட்டி மட்டும் இன்னும் முடியல."

ஜெயம்மாளோ திண்டிவனத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பழைய ஆஸ்பத்திரியை மூடியபோது கோட்டை மறந்துவிட்டு வந்ததுதான் அவர் செய்த குற்றம். படத்திலிருந்த அவர் முகத்தோடு வீடியோ பரவியது. அவர் முகத்தைப் பார்த்ததும் நோயாளிகள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்கள். "சனிக்கிழமையோட நின்னுக்குங்கம்மா, பேச்சு அடங்கட்டும்" என்றார் டாக்டர். ஜெயம்மாள் வீட்டில் அடுப்பெரிவது அந்தச் சம்பளத்தில்தான். இரண்டு ராத்திரி அவர் தூங்கவில்லை.

இதற்குள் இரண்டாம் பாகம் எடுக்கப்போன தீனதயாளனின் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு துரு ஆணி ஏறிவிட்டது. நண்பன் அலெக்ஸ் அவரைப் பைக்கில் ஏற்றி, திண்டிவனத்தில் முதலில் கண்ணில்பட்ட கிளினிக்கில் இறக்கினான். ஊசியோடு வந்தவரைப் பார்த்ததும் தீனதயாளனுக்குக் கால்வலி மறந்துபோனது.

"நீ... நீங்க..."

"ஆமா. செத்துப்போனவதான். கைய நீட்டு."

"அலெக்ஸ், ஜல்தி வண்டிய எடுடா!"

"எங்க ஓடற? உன்னால என் பொழப்பே போவப்போவுது. உசுரோட இருக்கறவள சாவடிச்சிட்டு, இன்னா பேஜாரு பண்ணி வெச்சிருக்க? நான் உசுரோட இருக்கேன்னு இப்பவே போன்ல சொல்லு. அப்புறந்தான் ஊசி."

ஜெயம்மாள் ஊசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். கோபத்தில்தான். தீனதயாளன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அலெக்ஸ் செல்போனைப் பிடிக்க, கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். ஊசி இறங்கியபோது அலறினார். அன்று மாலையே வீடியோ வந்தது. தலைப்பு, 'ஆவி போட்ட ஊசி'. மன்னிப்பை வெட்டிவிட்டார். அலறல் முழுசாக இருந்தது.

மறுநாளிலிருந்து கிளினிக்கில் கூட்டம். மரக்காணத்திலிருந்தெல்லாம் வந்து, காய்ச்சல் இல்லாதவர்களும் "அந்தம்மாதான் போடணும்" என்று அடம்பிடித்தார்கள். ஊசிக்கு முன் ஒரு செல்பி, பின் ஒரு செல்பி. பேச்சு அடங்க வேண்டியதில்லை என்று டாக்டர் முடிவுசெய்தார்.

"வேல நெலச்சிடுச்சுங்க" என்றார் ஜெயம்மாள், வந்தவர் ஒருவரின் கையில் பஞ்சைத் தேய்த்தபடி. "ஆனா நான் உசுரோட இருக்கேன்னு ஒருத்தரும் ஒத்துக்கமாட்டேங்கறாங்க."

நீங்கள் இந்த ரகமில்லை, தெரியும். உங்களிடம் மைக் கிடையாது. சரி, தெருக்கோடியில் பூட்டிக்கிடக்கிறதே ஒரு வீடு, அதன் ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தீர்களே. வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னீர்கள்?