சென்னியம்மாள் வாங்க மறுத்த பத்து ரூபா

ஏனுங்க, தவணையே இல்லாத ஆளு யாராச்சும் இங்க இருந்தா கையைத் தூக்குங்க பார்க்கலாம். மெதுவாத் தூக்குங்க சாமி. அந்தக் கையில கட்டியிருக்கற வாட்ச்சே தவணையில வந்ததுதான்னு எனக்குத் தெரியும். தூக்காதவங்க கொஞ்சம் போனைக் கீழ வைங்க, அதுல இன்னும் ஏழு மாசம் பாக்கி.

உங்களைச் சொல்லிக் குத்தமில்லீங்க. பதினாறு வயசுலயே உங்களுக்குக் கடனைப் பத்தி ஒழுங்காச் சொல்லிக்குடுக்க ஒரு அதிகாரி வாய்க்கல. அன்னூர் போற வழியில ஒரு மேல்நிலைப்பள்ளிக்கு வாய்ச்சாரு. பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்லமாட்டேன், எனக்கு அங்க இன்னும் ஒரு சர்டிபிகேட் வரவேண்டியிருக்குது.

அங்க ப்ளஸ் ஒன் படிச்ச புள்ள ஹிபா. கேரம் போர்டுல அவ ஸ்ட்ரைக்கரை வெச்சா காயெல்லாம் தானா எந்திரிச்சுப் போயிக் குழியில விழுகும். மாநிலப் போட்டிக்குத் தேர்வாயிட்டா. வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கு மதுரைக்கு வேன். பள்ளிக்கூடம் தொறந்து நாப்பது வருசத்துல மாநிலம் வரைக்கும் போற மொத ஆளு அவதான்.

அவ அத்தா ஜபருல்லாவுக்குச் சந்தையில மசாலாக் கடை. கல்லாவுக்கு மேல 'கடன் அன்பை முறிக்கும்'னு ஒரு போர்டு. அதுக்குக் கீழ உக்காந்து வளந்த புள்ள ரப்பர் கூட இரவல் கேக்காது. ஜூன் மாசம் சிகப்பு நூல் சுத்துன காம்பஸ் ஒண்ணு தொலைஞ்சு போச்சு, அன்னையில இருந்து வளையலை வெச்சுத்தான் வட்டம் போடறா. அப்பவும் யாருகிட்டயும் கேக்கல.

இப்படி இருக்கறப்பத்தான் மாவட்டக் கடன் ஒழுக்க ஒருங்கிணைப்பாளர் திரு. லட்சுமிநாராயணன் அவர்கள் வருகை புரிந்தார்கள். கையில சுற்றறிக்கை. 'மாணாக்கரிடையே பொறுப்பார்ந்த கடன் பழக்கத்தை இளமையிலேயே வேரூன்றச் செய்தல்.' புரொஜெக்டரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கடன் வாங்கிட்டு வந்திருந்தாரு. அது வேலை செய்யல.

ஆளுக்கொரு ரோஸ் கலர் அட்டை குடுத்தாங்க. கடன் வாங்கி, மூணு நாளைக்குள்ள திருப்பிக் குடுத்து, குடுத்தவங்ககிட்ட 'பெற்றுக்கொண்டேன்'னு கையெழுத்து வாங்கணும். மொதக் கடன் கண்டிப்பா ஒரு வெளியாள் பெரியவங்ககிட்ட. அதை ஒழுங்கா அடைச்சா முந்நூறு மார்க்கு. அதுக்கப்புறம்தான் பசங்களுக்குள்ள வாங்கலாம், ஒவ்வொண்ணுக்கும் அம்பது. எழுநூறுக்குக் குறைஞ்சவங்க பள்ளியின் சார்பா எங்கயும் வெளியூர் போகமுடியாது. பொறுப்பில்லாதவங்களை அரசாங்கம் வேன்ல ஏத்தாது.

ஹிபா எந்திரிச்சா. "சார், நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் கடனே வாங்கினதில்லைங்க."

லட்சுமிநாராயணன் ரொம்பப் பரிதாபமாப் பார்த்தாரு. "எத்தனை நாளா கண்ணு இப்படி?"

"பொறந்ததுல இருந்துங்க."

"வாங்கினாத்தான கண்ணு நீ திருப்பிக் குடுப்பியா மாட்டியான்னு தெரியும்?"

"வாங்காட்டி திருப்பிக் குடுக்க வேண்டியதே இல்லையேங்க சார்?"

"இப்படித்தான் எல்லாரும் ஆரம்பிக்கறாங்க"ன்னு தலைமையாசிரியர்கிட்டத் திரும்பிச் சொன்னாரு. அட்டையில பூஜ்ஜியம் போட்டுக் கையில குடுத்துட்டாரு.

அதே வகுப்புல நிதீஷ்னு ஒருத்தன். எல்லா வகுப்புலயும் ஒருத்தன் இருப்பானில்லீங்க, அந்த ஒருத்தன். அவன் குடியிருந்த வீட்டு மாடியில ஒருத்தர் பைனான்ஸ் நடத்தறாரு. பெத்த தாய்க்குச் சோத்துக்குக் குடுத்தாலும் ரசீது வாங்கற மனுசன். நிதீஷ் அவருகிட்ட அம்பது ரூபா வாங்கி, மூணாம் நாளு அம்பத்தி ரெண்டாத் திருப்பிக் குடுத்தான். கையெழுத்து, சீல், ஸ்டாம்பு, எல்லாம் ஆச்சு. முந்நூறு.

அதுக்கப்புறம் அவன் செலவு பண்ணுனது ஒரே ஒரு காம்பஸ். காலையில நவ்யாகிட்ட, "இதைக் கொஞ்சம் வெச்சுக்க"ன்னு குடுப்பான். பத்து நிமிசம் கழிச்சு, "நவ்யா, ஒரு காம்பஸ் இருந்தாக் கடனாக் குடேன்." வாங்குவான், திருப்பிக் குடுப்பான், கையெழுத்து வாங்குவான். அப்புறம் அதே காம்பஸ் தேஜாகிட்டப் போகும், அப்புறம் அஃப்ராகிட்ட. ஒரு வட்டம் கூடப் போடாம அந்தக் காம்பஸ் பதினொரு தடவை கடனாப் போயி வந்துச்சு. நாலாம் நாளு நிதீஷுக்கு எண்ணூத்தி அம்பது. லட்சுமிநாராயணன் கண்ணு கலங்கி, 'மாணவர் கடன் தூதர்'னு அவனுக்கு ஒரு நாடாவைத் தோள்ல மாட்டிவிட்டாரு.

ஹிபா கேன்டீனுக்குப் போனா. கேன்டீன் நடத்தறது சென்னியம்மாள்.

"அக்கா, ஒரு பன்னு கடனாக் குடுங்க."

சென்னியம்மாள் கரண்டியைக் கீழ வெச்சுட்டா. "ஏன் அம்மணி, ஊட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்க அக்கா. நான் பொறுப்பான ஆளாகணும், அதுக்குத்தான்."

பன்னைத் தின்னுட்டு, மறுநாளு பத்து ரூபாயையும் அட்டையையும் நீட்டினா.

"அட போ கண்ணு. ஒரு பன்னுக்குப் போயிக் காசு நீட்டறயே. நாலு ஊரு போயி ஆடப்போற புள்ள. இந்தா, இன்னொண்ணு தின்னு."

"அக்கா, இது கடன். நீங்க வாங்கியே ஆகணும்."

"எம் மூஞ்சியப் பார்த்தாக் கடன் குடுக்கறவ மாதிரியா தெரியுது?"

"சரி, காசு வேண்டாம். 'பெற்றுக்கொண்டேன்'னு கையெழுத்தாச்சும் போட்டுக் குடுங்க."

சென்னியம்மாள் முகம் மாறிப்போச்சு. "வாங்காத காசை வாங்கினேன்னு எழுதறதா? அது பொய்க் கையெழுத்து அம்மணி. நான் கேன்டீன் நடத்தறேன், ஆபீஸ் நடத்தல."

வாங்கவும் மாட்டேங்கறா, வாங்கினேன்னு போடவும் மாட்டேங்கறா. மூணு நாளு முடிஞ்சுது. ஹிபா அட்டையில சிகப்பு மையில 'வாராக்கடன்'னு ஏறிடுச்சு.

அவ ஒருத்தி மட்டும் இல்லீங்க. நம்மூரு என்ன ஊரு? பஸ்ஸுல டிக்கெட்டுக்கு ரெண்டு பேரு சண்டை போட்டா, நீ எடு, நீ எடுன்னு இல்ல, நான்தான் எடுப்பேன்னு சண்டை போடற ஊரு. அக்ஷிதா பக்கத்து வீட்டுல ஒரு டம்ளர் சக்கரை வாங்கினா. திருப்பிக் குடுக்கப் போனவளுக்கு ரெண்டு டம்ளர் சக்கரையும் ஒரு சீப்புப் பழமும் குடுத்து அனுப்பினாங்க. உவைஸ் ஒரு தையக்காரர்கிட்ட இருவது ரூபா வாங்கினான். அவரு "இருக்கட்டுந் தம்பி, பொறவு பார்த்துக்கலாம்"ன்னு சொல்லிட்டுச் சத்தியமங்கலத்துக்குப் போனவரு திரும்பியே வரல. நானூத்திப் பன்னெண்டு பசங்கள்ல நானூத்திப் பதினொரு பேரு வாராக்கடன்.

லட்சுமிநாராயணன் புள்ளிவிவரத்தைப் பார்த்து ஒரு ராத்திரி தூங்கல. காலையில புதுச் சுற்றறிக்கை போட்டாரு. 'கொடுத்த கடனைத் திரும்பப் பெற மறுத்து, கடன் வாங்கியோரின் ஒழுக்கத்திற்குக் குந்தகம் விளைவித்தல்.' இதுக்கு விளக்கம் கேட்டுச் சென்னியம்மாளுக்கு நோட்டீஸ். சென்னியம்மாள் அதுல போண்டாவை வெச்சு எண்ணெயை ஒத்தி எடுத்தா.

வியாழக்கிழமை மத்தியானம், ஹிபாவைக் கூட்டிக்கிட்டு அதிகாரியே நேர்ல கேன்டீனுக்கு வந்தாரு. மறுநாளு வேன்.

"ஏனுங்க அம்மா, அரசாங்கத்தின் பேரால சொல்றேன், இந்தப் பத்து ரூபாயை வாங்கிக்குங்க."

"வாங்க சார், வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல உக்காருங்க."

"உக்கார நேரமில்லீங்க."

"நின்னுக்கிட்டே ஒரு டீ குடிங்க. சூடா போண்டா இருக்குது."

மனுசன் காலையில சாப்புடல. ரெண்டு போண்டா, ஒரு டீ, சட்டினி ரெண்டு வாட்டி. வாயைத் தொடைச்சுட்டுப் பையில கையை விட்டாரு.

"எவ்வளவுங்க ஆச்சு?"

"இருக்கட்டுங்க சார்."

"இல்லீங்க, வாங்கிக்கணும்."

"அட, நம்மூட்டு ஆளுகிட்டக் காசு வாங்குவாங்களா? நல்லா கேட்டீங்க போங்க."

மூணு தடவை நீட்டினாரு. மூணு தடவையும் அவரு சட்டைப் பையிலயே அந்த நோட்டைச் சென்னியம்மாள் திருப்பிச் சொருகிட்டா. ஹிபா பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் ரொம்ப மரியாதையாக் கேட்டா.

"சார், உங்க அட்டை?"

"எனக்கு எதுக்கு கண்ணு?"

"ஒம்பதாவது விதிங்க சார். அட்டையில மார்க்குப் போட்டு முத்திரை குத்தறவங்க யாருக்கும் பாக்கி இல்லாதவங்களா இருக்கணும்னு போட்டிருக்கீங்க."

அவரு எழுதுன விதியை அவரே வாங்கிப் படிச்சுப் பார்த்தாரு. ரெண்டாவது தடவையும் படிச்சாரு, விதி மாறல. தலைமையாசிரியரைக் கூப்பிட்டாரு. அவரு தீபாவளியில இருந்து அங்கதான் வடை சாப்பிடறாரு, ஒரு தடவை கூடச் சென்னியம்மாள் காசு வாங்கல. வாத்தியாருங்க, கிளார்க்கு, வாட்ச்மேன், எல்லாரும் வாராக்கடன். அந்த வளாகத்துல நிலுவையே இல்லாம, முத்திரை குத்த அருகதையுள்ள ஒரே ஆளு நிதீஷ்.

முத்திரையையும் மைப்பெட்டியையும் அவன் கையில ஒப்படைச்சாங்க. லட்சுமிநாராயணன் எந்திரிச்சு நின்னு நாற்காலியை விட்டுக்குடுத்தாரு. சாயங்காலம் வரைக்கும் கேன்டீன் முன்னால அட்டையோட வரிசை. ஒருத்தருக்கு எழுநூறு மார்க்கு, தலைமையாசிரியருக்கு எழுநூத்திப் பத்து, மனசு வந்தா எண்ணூறு. ஆளுக்கொரு பப்ஸ் கட்டணம். ஹிபாவுக்கு மட்டும் இலவசம். அட்டையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "ரொம்ப நன்றி நிதீஷ், இதை எப்படித் திருப்பிக் குடுக்கப்போறேன்னு தெரியல"ன்னா.

மதுரையில மூணாவது எடம் வாங்கிட்டு வந்தா. திட்டம் நூறு சதவீத வெற்றின்னு அறிக்கை போச்சு. லட்சுமிநாராயணனுக்குப் பொள்ளாச்சிக்குப் பதவி உயர்வு. போறப்ப ஒரு கார் எடுத்தாரு, எண்பத்தி நாலு தவணை. அதுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நிதீஷ். நிதீஷ் அந்த வருசமே படிப்பை நிறுத்திட்டான். முத்திரை கையில வந்தவனுக்குப் படிப்பு எதுக்குங்க?

சிரிக்கறீங்க, சிரிங்க. உங்க லோனுக்கெல்லாம் மார்க்குப் போடறவன் மட்டும் வேற எப்படி வந்தான்னு நெனச்சீங்க?

சரி, சொல்லிப்போடறேன். நிதீஷ் நான்தானுங்க. அந்தக் காம்பஸ் ஹிபாவோடது. ஜூன் மாசம் கேக்காமத்தான் எடுத்தேன், சிகப்பு நூலை மட்டும் அவுத்துப்போட்டேன். இப்பவும் என் பையிலதான் இருக்குது. திருப்பிக் குடுக்கப் போனா, "இருக்கட்டும் நிதீஷ், நீயே வெச்சுக்க"ன்னுதான் சொல்லுவா. அது தெரிஞ்சும், இதுவரைக்கும் நான் போகவே இல்லீங்க.